மெஷின் வெட்டாமல் விட்டவர்கள்

வெள்ளைப்பாறை எஸ்டேட் மைதானத்தில் புல் வெட்டும் மெஷின் முதன்முதலாக ஒரு ஆளை வெட்டாமல் விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில். அதனால்தான் அதைப் பார்க்க அத்தனை பேர் இருந்தோம். மைதானம் முழுக்க ஒரே மட்டமாக வெட்டி முடித்த பிறகும் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கே ஓரிடத்தில் மட்டும் புல் அப்படியே நின்றது, மற்ற இடத்தைவிட நாலு விரல் கூடுதலாக, ஒரு ஆள் மல்லாந்து படுத்த அளவுக்கு. தலை இருந்தது, தோள் இருந்தது, இரண்டு கைகளும் இரண்டு கால்களும் இருந்தன, அதில் வலது கால் இடது காலைவிட அரைச் சாண் குட்டை. மெஷின் அந்த இடத்துக்கு மேலேயும் போய்த்தான் வந்தது, நாங்கள் கண்ணால் பார்த்தோம். "இருளப்பன்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். சொன்னது நான்தான் என்று இன்றைக்கும் ஆறேழு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். உண்மையில் எல்லோரும்தான் சொன்னோம்.

இருளப்பன் எங்கள் காவல்காரர், வலது கால் பிறவியிலேயே குட்டை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினோரு நாள் விடாமல் பெய்த மழையில் மேல்மலை உடைந்து நாங்கள் குடியிருந்த கீழ் லைன் வீடுகளின் மேல் உட்கார்ந்தபோது அவர் உள்ளே இருந்தார். அன்றைக்குப் பாதிப் பேர் பூசைக்கும் மீதிப் பேர் சந்தைக்கும் போயிருந்ததால் சாவு குறைவு என்று அதிகாரிகள் சொன்னார்கள். பன்னிரண்டு நாள் தோண்டினார்கள், சிலரை எடுத்தார்கள், எட்டுப் பேரை எடுக்க முடியவில்லை. பதின்மூன்றாம் நாள் இனித் தோண்டினால் மேலே இருப்பதும் வந்துவிடும் என்று சொல்லி நிறுத்தினார்கள், அந்த மண்ணில் வீடு கட்டக் கூடாது என்றார்கள், புல் வைத்தால் மண் பிடித்துக்கொள்ளும் என்றார்கள். நாங்கள் மண்ணை நிரவி, கல் பொறுக்கி, புல் வைத்தோம். மலையில் அத்தனை பெரிய சமதளம் வேறு எங்கேயும் இல்லாததால் முதலில் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடப் போனார்கள், அவர்களை விரட்ட யாருக்கும் மனசு வரவில்லை, பிறகு பெரியவர்களும் போனார்கள், ஒரு நாள் கோல் கம்பமும் வந்துவிட்டது.

மெஷின் என்றால் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி இல்லை. பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நடுவில் இன்ஜின், முன்னால் திரும்புகிற இரண்டு சின்னச் சக்கரம், பின்னால் காற்றடித்த இரண்டு பெரிய சக்கரம், அடியில் மூன்று பிளேடு, பிளேடுகளை மூடிக்கொண்டு ஒரு கனத்த இரும்புத் தட்டு. இருநூற்றைம்பது கிலோ எடை, இன்ஜின் ஓடினால்தான் தானாக நகரும். முதல் ஐந்து வருஷம் அதை ஓட்டியவர் குருசுமுத்து. நல்ல மனிதர், ஆனால் மெஷினுக்கு நல்லவர் இல்லை. தட்டை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்து, மழுங்கின பிளேடோடு, ஒரு சக்கரத்தில் காற்று இல்லாமல், நாவிதரிடம் தப்பித்த தலை மாதிரி மைதானத்தைச் சொரசொரவென்று வழித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். அவர் காலத்தில் யாரும் வெட்டாமல் விடப்படவில்லை.

அவர் ஓய்வு பெற்றதும் மெஷினை யார் எடுப்பது என்று கேட்டபோது ஞானசவுந்தரி தானே போய்க் கேட்டு வாங்கினாள். அவள் எங்கள் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் ரூமில் இருந்தவள். இலையை அரைக்கிற உருளைகளுக்குப் பல் தீட்டுகிற இடம் அது. பெருக்குகிற வேலைக்குத்தான் அவளை உள்ளே விட்டார்கள், ஐந்தாவது வருஷம் பார்த்தால் தீட்டுகிறவர்கள் அவளிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ரோலர் ரூமில் ஒரு விதி உண்டு. உருளைக்குள் கை விடுகிறவர் எவரோ அவரே சுவிட்சை அணைக்க வேண்டும், அவரே திரும்பப் போட வேண்டும், அவர் கக்கூஸ் போயிருந்தாலும் சரி, கல்யாணத்துக்குப் போயிருந்தாலும் சரி, வேறு எவரும் தொடக் கூடாது. இரண்டு விரல் போன ஒருவர் உண்டாக்கிய விதி அது. ஞானம் அந்த விதியை மைதானத்துக்கும் கொண்டுவந்தாள். தட்டுக்கு அடியில் கை விடுவதற்கு முன்னால் இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கிலிருந்து ஒயரை இழுத்துவிடுவாள், அது இல்லாமல் இன்ஜின் கிளம்பாது. அதைத் திரும்ப மாட்டுவது அவளாகத்தான் இருக்க வேண்டும்.

எடுத்த வாரம் அவள் மெஷினை ஒரு அடி கூட ஓட்டவில்லை. ஒயரை இழுத்துவிட்டு, தட்டின் அடியில் வருஷக்கணக்காகக் காய்ந்து ஒட்டியிருந்த புல்லைச் சுரண்டினாள். மூன்று பிளேடையும் கழற்றி, பழைய சாய்வு மாறாமல் தீட்டி, ஒவ்வொன்றையும் நடு ஓட்டையில் ஆணி கொடுத்துச் சுவரில் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அராவி, இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்வரை விடவில்லை. பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது என்று இறுக்கினாள். பெரிய சக்கரம் இரண்டிலும் ஒரே அளவு காற்று அடித்தாள். பிறகு ஃபேக்டரியில் தேயிலை மூட்டை எடைபோடுகிற சிமெண்டுத் தரைக்கு ஆட்களைக் கூட்டித் தள்ளிக்கொண்டு போய், எஸ்டேட்டிலேயே கோணல் இல்லாத தரை அது ஒன்றுதான் என்பதால், அங்கே வைத்துத் தட்டின் நாலு மூலையையும் டேப்பால் அளந்தாள். இடதும் வலதும் ஒன்றாக இருக்க வேண்டும், முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கால் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் பிளேடு ஒரே வெட்டாக வெட்டும், வெட்டினதையே திரும்ப இழுக்காது. கடைசியாகத் தட்டைத் தாங்கும் நாலு இரும்புப் பின்னையும் மேலிருந்து மூன்றாவது துளையில் போட்டாள், மூன்று அங்குலப் புல் நிற்கும்படி. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் இருளப்பன் வந்தார்.

மேனேஜர் தொரை வந்து பார்த்துவிட்டு, பிளேடு வளைந்திருக்கும் என்றார். ஞானம் பிளேடைக் கழற்றிக் காட்டினாள். பெல்ட் வழுக்கியிருக்கும் என்றார். பெல்ட்டை அழுத்திக் காட்டினாள். அடுத்த செவ்வாயன்று கொழுந்து பறிக்கிற சவரியம்மாள் வந்தாள், பக்கத்தில் கொழுந்துக் கூடையின் வட்டத்தோடு. அதற்கடுத்த வாரம் ஒரு தாயும் அவள் மாரோடு ஒட்டிய கைப்பிள்ளையுமாக இரண்டு பேர். தொரை கோயம்புத்தூரிலிருந்து தண்டபாணி என்ற மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் தன்னுடைய டேப்பாலேயே அளந்தார், தன்னுடைய மீட்டராலேயே காற்றுப் பார்த்தார், பிறகு தானே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருளப்பன் மேல் நாலு முறை நடந்து திரும்பிப் பார்த்தார். ரிப்போர்ட்டில், மெஷினில் எந்தக் குறையும் இல்லை, இவ்வளவு சரியாக செட் செய்த மெஷினை நான் பார்த்ததில்லை, குறை புல்லில் இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கொடுத்த தேநீர் ஆறிப்போய் அப்படியே இருந்தது. போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்தின் ஓரமாகவே சுற்றிப் போனார்.

ஆறே வாரத்தில் எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். கிடைக்காதவர்கள் எட்டுப் பேர், புல்லில் எட்டுப் பேர், பட்டியல் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் யாரும் அதிசயப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை, ஏனென்றால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருந்தது. பந்து விளையாட்டுக்குப் புதிய விதி வேண்டியிருந்தது: பந்து யார் மேலாவது போய் நின்றால் அந்த வீட்டு ஆள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுவரை ஆட்டம் நிற்கும். வெளியூர் டீம்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் கோல் போட்டால் குதிப்பதற்கு முன்னால் கீழே பார்த்துக்கொண்டு குதிக்கப் பழகினார்கள். ஃபாதருக்கும் பூசாரிக்கும் கிழமை பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது, இருவருமே செவ்வாயைக் கேட்டதால் கடைசியில் காலையும் மாலையுமாகப் பிரித்தோம். கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்த ஒருவருக்காக அவரைப் பெற்ற வீட்டாரும் பெண் கொடுத்த வீட்டாரும் சண்டை போட்டு மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள், பிறகு இரண்டு வீட்டாரும் ஒன்றாக வந்து நின்றார்கள். சவரியம்மாளின் மகள் செல்வமேரி மழை வந்தால் ஓடிப்போய் அம்மாவுக்குக் குடை பிடித்தாள். புல்லுக்கு எதற்கடி குடை, மழை பெய்தால்தானே அம்மா நன்றாக வளருவாள் என்று ஞானம் கேலி செய்வாள், செல்வமேரி காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

நேர்த்திக்கடன் மட்டும் பூவிலும் பழத்திலும் போகவில்லை. கிரீஸ் டப்பா கொண்டுவந்தார்கள், துடைக்கப் பழைய பருத்தித் துணி கொண்டுவந்தார்கள், பிள்ளை பரீட்சையில் தேறினதற்காக ஒருவர் புதிய ஏர் ஃபில்டர் வாங்கி வந்தார். திங்கட்கிழமை சாயங்காலம் சிமெண்டுத் தரையில் ஞானம் தட்டை அளக்கிறபோது எட்டு வீட்டாரும் சுற்றி நிற்பார்கள், டேப்பின் மறுமுனையை யாராவது ஒருவர் பிடிப்பார்கள், அவள் அளவைச் சொல்லச் சொல்ல இவர்கள் வாய்க்குள் திருப்பிச் சொல்வார்கள். அது ஒரு ஜெபம் போல ஆகிவிட்டது. அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை இடது சக்கரத்தில் முள் ஏறிக் காற்று மெல்ல இறங்கியிருந்ததை ஞானம் கவனிக்கவில்லை. தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, சவரியம்மாளின் தோளையும் பாதிக் கன்னத்தையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. செல்வமேரி அந்தப் பழுப்புத் தழும்பின் பக்கத்தில் உட்கார்ந்து அழுத அழுகையை இரண்டாவது தடவையாகக் கேட்டோம். ஞானம் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னாள். தோள் திரும்ப வளர ஐந்து வாரம் ஆனது. அதிலிருந்து காற்றை இரண்டு முறை பார்ப்பாள்.

இவ்வளவும் செய்த ஞானத்துக்கு அந்த மைதானத்தில் நிற்க ஓர் இடம் கிடையாது. அவள் புருஷன் சூசைநாதனின் பெயர் பட்டியலில் இல்லை. மலை உடைந்ததற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், இருவருக்கும் சண்டை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை இருக்கிறது, கிளம்பு என்று அவர் சொன்னார். ரோலர் ரூமை விட்டு வரமாட்டேன் என்று இவள் சொன்னாள். எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர், அதனால் ஒரு வார்த்தை விடாமல் எல்லோருக்கும் கேட்டது. நீ உன் மெஷினோடவே குடும்பம் நடத்து என்று அவர் பையை எடுத்தார். "போனா அப்படியே போயிரும், திரும்பி வராதேயும்" என்று இவள் சொன்னாள். கடைசி பஸ்ஸில் அவர் ஏறியதை டீக்கடைக்காரர் பார்த்தார். மறுநாள் இவள் சந்தைக்குப் போயிருந்தபோது வீடு மண்ணுக்குள் போனது.

பெயர் கேட்டு வந்த அதிகாரியிடம், என் தம்பி பஸ் ஏறிப் போய்விட்டான், அவனை எழுதாதீர்கள் என்று சொன்னது சூசைநாதனின் அக்கா மரியபாக்கியம். ஞானம் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு பாக்கியம் தம்பியின் போட்டோவை எடுத்துக்கொண்டு மூன்று முறை திருப்பூர் போய்க் கம்பெனி கம்பெனியாகக் காட்டிவிட்டு வந்தாள். ஊருக்குள் அவள் சொன்னது ஒன்றுதான்: என் தம்பி உயிரோடுதான் இருக்கிறான், இவள் வாய்க்குப் பயந்து வராமல் இருக்கிறான். ஞானம் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாள். புல்லில் எட்டுப் பேரும் வந்து முடிந்த வாரம் அவளைப் பார்த்தவர்களுக்கு அவள் நிம்மதியாக இருக்கிறாளா, நொந்து போயிருக்கிறாளா என்று தெரியவில்லை. அவர் அங்கே இல்லை என்றால் செத்துப்போகவில்லை. செத்துப்போகவில்லை என்றால் ஆறு வருஷமாக வேண்டாம் என்றுதான் இருக்கிறார். அவளுக்கே இரண்டும் சேர்ந்துதான் இருந்திருக்கும்.

ஆனால் அவள் மெஷினைக் கொண்டுபோகாத மூலை ஒன்று இருந்தது. மேற்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் முப்பது அடிக்கு முப்பது அடி. முழங்கால் உயரத்துக்குப் புல்லும் தொட்டாச்சிணுங்கியும் மண்டிக் கிடக்கும். அங்கே கல் கிடக்கிறது, பிளேடு போய்விடும் என்று தொரையிடம் சொல்லியிருந்தாள், அவரும் நம்பினார். அங்கே கல் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பொறுக்கியது நாங்கள்தானே. அவள் வீடு இருந்த இடம் அதுதான் என்பதும் தெரியும். பந்து அதற்குள் போனால் பிள்ளைகளே தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள், ஆட்டத்தைத் தொடருவோம்.

கல்லறைத் திருநாள் அந்த வருஷம் புதன்கிழமை வந்தது. அதனால் முந்தின நாள் செவ்வாயன்று ஞானம் வெட்டி முடிக்கிறபோதே எட்டு வீட்டாரும் மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாக வந்து காத்திருந்தோம், இந்துக்களும் வந்திருந்தோம், மண்ணுக்குள் போகும்போது யாரும் பிரிந்து போகவில்லை. வானம் மூடிக்கொண்டிருந்தது. மெஷின் நின்றதும் ஆளாளுக்கு அவரவர் இடத்துக்குப் போனார்கள். மரியபாக்கியம் மட்டும் கையில் ஒரு சாமந்திச் சரத்தோடு மைதானத்தின் நடுவில் நின்றாள். அவளுக்கு அங்கே யாரும் இல்லை, இல்லை என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவளே அவள்தான். யாருக்காகப் பூ வாங்கினாள் என்று நாங்கள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த ஞானத்திடம் போனாள்.

"ஞானம், நான் மூணு தடவ திருப்பூர் போயிட்டு வந்துட்டேன். நீ இந்த முப்பதடி இன்னும் போகல."

"அங்க கல்லு கெடக்கு மதினி."

"கல்லெல்லாம் நாந்தான தாயி பொறுக்குனேன்."

ஞானம் துணியை மடித்துக் கைப்பிடியில் போட்டாள். அவள் பேசியது சத்தமாக இல்லை, ஆனால் எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தோம்.

"அங்க இருந்தாருன்னா செத்துட்டாரு, நான் கடைசியாச் சொன்ன சொல்லோட செத்துட்டாரு. இல்லைன்னா என்னய வேண்டாம்னு போயிட்டாரு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க மதினி, அதுக்குத் தக்கன மெஷின செட் பண்ணுதேன்."

பாக்கியம் சாமந்திச் சரத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற நினைப்பை அவளும் இத்தனை வருஷம் சோறு போட்ட மாதிரிதான் வளர்த்திருந்தாள். பிறகு, "எப்பவும் எப்படிச் சரியா வைப்பியோ அப்படியே வையி" என்றாள்.

ஞானம் பிளக் ஒயரை இழுத்துவிட்டாள். நாலு பின்னையும் மேல் துளைக்கு ஏற்றினாள், புல் உயரமாக இருந்தால் முதலில் மேலாக ஒரு வெட்டு, பிறகு சரியான அளவுக்கு இன்னொரு வெட்டு, அதுதான் முறை. ஒயரை மாட்டி, கயிற்றை இழுத்து, கோல் கம்பத்தைத் தாண்டிப் போனாள். தொட்டாச்சிணுங்கி மெஷின் வருவதற்கு முன்னாலேயே அதிர்வுக்கு இலை மூடிக்கொண்டு படுத்தது. முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை, வெட்டின புல் வைக்கோலாகக் குவிந்து கிடந்தது. பெண்கள் போய் அதை வாரி ஓரத்தில் போட்டார்கள். ஞானம் மறுபடியும் நிறுத்தி, ஒயரை இழுத்து, பின்னை இறக்கினாள்.

ஒவ்வொரு பின்னும் துளையில் விழுகிற சத்தம் எங்களுக்கு ஜெபத்தின் வரிகளைப் போலப் பழகியது. இரண்டாவது துளை, மூன்றாவது துளை. அங்கே நிற்க வேண்டும். அவள் நிற்கவில்லை. நான்காவது, ஐந்தாவது. நாலு மூலையிலும் அடிமட்டத்துக்கு இறக்கினாள், குருசுமுத்து காலத்து அளவுக்கு. அந்த அளவில் வெட்டினால் மண்தான் தெரியும், ஆள் இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது, எப்போதும் போல இருந்துவிடலாம். எட்டு வீட்டாரில் ஒருவர் கூட வாயைத் திறக்கவில்லை. சவரியம்மாளின் தோளுக்காக அழுத செல்வமேரி கூட. நாங்கள் எங்கள் ஆட்களை அடைந்துவிட்டவர்கள், அவளைப் பார்த்து எதையும் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

ஞானம் ஒயரை மாட்டினாள். கயிற்றைப் பிடித்தாள். இழுக்காமல் அப்படியே குனிந்து நின்றாள், முதுகு மட்டும் ஏறி இறங்கியது. பிறகு ஒயரைத் திரும்ப இழுத்துவிட்டு மண்டியிட்டு, ஒவ்வொரு பின்னாக மேலே ஏற்றினாள். நான்காவது, மூன்றாவது. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, சிமெண்டுத் தரை இல்லாவிட்டாலும் நாலு மூலையையும் அளந்து பார்த்தாள், டேப்பின் மறுமுனையைப் பாக்கியம் பிடித்துக்கொண்டாள். சக்கரத்தின் காற்றை இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள்.

இரண்டாவது சுற்று ஓரத்திலிருந்து உள்நோக்கிப் போனது. வடக்கு ஓரம், கிழக்கு ஓரம், தெற்கு, மேற்கு, ஒவ்வொரு சுற்றிலும் மிச்சமிருந்த புல் சுருங்கிக்கொண்டே வந்தது, கடைசியில் ஒரு மெஷின் அகலம்தான் மீதி. அதன் மேலும் நடந்தாள். திரும்பிப் பார்க்காமல் முனைவரைக்கும் போய் இன்ஜினை நிறுத்தினாள், ஒயரை இழுத்துவிட்டாள், அதன் பிறகுதான் திரும்பினாள்.

சூசைநாதன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் பையின் சதுரம் இருந்தது, அதன் கைப்பிடி வளைவு கூடத் தெரிந்தது. அந்தக் கடைசி பஸ்ஸில் எந்த ஊர்வரை போனாரோ, விடியற்காலை முதல் பஸ்ஸில் மழையோடு மழையாகத் திரும்பியிருக்கிறார். அவரை வரப் பார்த்திருக்கக் கூடியவர்கள் காவல் பார்த்த இருளப்பனும் பக்கத்து வீட்டுச் சவரியம்மாளும்தான், அவர்களும் சொல்ல இல்லாமல் போய்விட்டார்கள். வந்து, அவள் சந்தைக்குப் போயிருப்பதைப் பார்த்துவிட்டு, வரட்டும் என்று படுத்திருக்கிறார். பாக்கியம் தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்து பூவைக் கீழே வைத்தாள். வாய்விட்டு அழுதாள், ஆறு வருஷத்து அழுகை.

ஞானம் உட்காரவில்லை. அவள் அவரைப் பார்க்காமல் அவருக்கு முன்னால் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்களும் பிறகுதான் கவனித்தோம். அந்த வீட்டில் மேற்குச் சுவரோரம் எப்போதும் ஒழுகும், எத்தனை தடவை தகரம் மாற்றியும் நிற்காது, அதை எஸ்டேட்டே அறியும். சுவர் இருந்த கோட்டை ஒட்டி அவர் முதுகு இருந்தது. இடது கை முன்னால் நீண்டு கிடந்தது, தலை வைத்துக்கொள்ள யாருக்கோ கொடுத்த மாதிரி. அந்தக் கைக்குக் கீழே, மடங்கின முழங்காலுக்கு முன்னால் ஒரு ஆள் படுக்கிற இடம், புல் மட்டமாக வெட்டப்பட்டு, காலியாக இருந்தது.

"நனையுற பக்கமாத்தான் படுத்திருக்காரு மதினி" என்றாள் ஞானம். "எனக்குக் காஞ்ச பக்கத்த விட்டுட்டு."

அப்போதுதான் மழை பிடித்தது. மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக அணைந்தன, அவரவர் அவரவர் ஆட்களை விட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடினோம். செல்வமேரி மட்டும் குடையை எடுத்துக்கொண்டு தன் அம்மாவிடம் போகாமல் அந்த மூலைக்குப் போனாள். ஞானம் அந்தக் காலி இடத்தில் படுத்து, நீண்டிருந்த கையின் மேல் தலையை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். செல்வமேரி குடையை விரித்து இருவருக்குமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள், புல்லுக்கு எதற்குக் குடை என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை.

மெஷின் நனைந்துகொண்டிருந்தது. ஒயரை இழுத்தது ஞானம், அவள்தான் அதைத் திரும்ப மாட்ட வேண்டும், அவளை எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. அதனால் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து, மூச்சு வாங்க, அந்த இருநூற்றைம்பது கிலோவையும் மேட்டில் ஷெட்டுவரைக்கும் கையாலேயே தள்ளிக்கொண்டு போனோம்.